"தாங்கும்" என்று சொல்லாதே!

இந்த ஏப்ரல் 14 அன்று எங்க ஊர்ப் படிப்பு வட்டத்தில் எனக்குத் துண்டு போட்டார்கள். போட்ட இடம் வலது தோள். ஆபரேஷன் பண்ணின தோள். நாலு மாசம் ஆகியிருந்தாலும் அந்த இடத்தில் யாராவது சட்டுனு கை வைத்தால் உடம்பு தானாக ஒதுங்கும். ஒதுங்கினேன். அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு தோழர்கள் கை தட்டினார்கள்.

மைக்கைப் பிடித்த தம்பி நல்ல பிள்ளை. சட்டம் படிக்கிறான். "அண்ணனுக்குத் தோள்மூட்டையே கழட்டி எடுத்துட்டு வேற மூட்டு வெச்சிருக்காங்க. ஒரு மாத்திரை போடல. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. தாங்கினாரு. ஆயிரம் வருசமாத் தாங்கின சனம் தோழர்களே இது!" என்றான். விசில் பறந்தது.

அத்தனையும் பொய். இருபத்தாறு நாள் மாத்திரை போட்டேன். முதல் ராத்திரி அழுதேன், அதுவும் சத்தம் போட்டு. எம் பொஞ்சாதி வாயில் துணியை வெச்சு "சனம் பாக்குது" என்றாள். இதையெல்லாம் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துண்டு சுகமாத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாருக்கும் நட்டமில்லாத பொய் என்றால் விட்டிருப்பேன். அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. நகராட்சியில் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிறவங்க. குப்பை வண்டி கவிழ்ந்து தோள் எலும்பு நொறுங்கி, மூணு வாரத்துக்கு முன்னால்தான் அவங்களுக்கும் அதே ஆபரேஷன் ஆகியிருந்தது. கையைத் தூளி கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருந்தாங்க. என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பரண் மேல் எறிந்துட்டாங்க. "அண்ணன் தாங்கல? நான் மட்டும் என்ன?" மாத்திரை நின்றதும் வலி ஏறியது. வலி ஏறியதும் கையை அசைக்கவில்லை. அசைக்காத கை இறுகிப் போச்சு. நான் போய்ப் பார்த்தபோது முழங்கையைக் கூட நேராக நீட்ட முடியவில்லை. தலை வாரிக்கொள்ள மகளைக் கூப்பிடுறாங்க.

என் வாயால் கெட்டது. அதனால் இதை எழுதுகிறேன். தம்பிமார்கள் கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டாலும் சரி.

*

தோள் எப்படிப் போச்சு என்பதை ரெண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருசம் மண்டியில் சுமை. 75 கிலோ நெல் மூட்டை, 100 கிலோ அரிசி மூட்டை. சும்மாடும் கொக்கியும்தான் எங்க கருவி. தமிழ்நாட்டில் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தது. எங்க மண்டிக்கு அது வந்து சேரவே இல்லை. தோளைப் போர்த்திப் பிடித்திருக்கிற நாலு தசைநார்கள் இருக்கின்றன. மூட்டைக்கு மூட்டை தேய்ந்து, இற்று, கடைசியில் அறுந்துபோகும். பிடிமானம் போனதும் கை எலும்பின் குண்டு மேலே ஏறி எலும்போடு எலும்பு உரசும். சட்டை மாட்ட முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

இந்த மாதிரித் தோளுக்குத் தலைகீழ் மூட்டு என்று ஒன்று வைக்கிறார்கள். இயற்கையில் குண்டு கை எலும்பிலும் கிண்ணம் தோள்பட்டையிலும் இருக்கும். இதில் குண்டைத் தோள்பட்டையில் திருகிவிட்டுக் கிண்ணத்தைக் கை எலும்பில் இறக்கிவிடுகிறார்கள். அறுந்துபோன தசைநார்களின் வேலையை மேல்தோள் சதை எடுத்துக்கொள்கிறது. 1985-ல் பிரான்சில் பால் கிராமோன் என்கிற டாக்டர் உருவாக்கினது. தலைகீழாக்கினால்தான் சரியாகும் என்பதை நாமும் ரொம்ப நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது கிடக்கட்டும். தோள்மூட்டு மாற்று வைத்தியத்தின் முதல் ஆளும் ஒரு உழைப்பாளிதான். 1893-ல் பாரிசில் பியான் என்கிற டாக்டர், காசநோய் அரித்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் சேர்ந்த ஒரு மூட்டை வைத்தார். கையை வெட்டிவிட்டால் பிழைக்க முடியாதவனுக்குத்தான் இந்த வைத்தியம் முதலில் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்குக் காப்பீட்டு அட்டையில் நடந்தது. அறுத்த டாக்டரின் கைக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அறுத்ததற்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுப்பதற்கு முன் கழுத்தோரம், காறை எலும்புக்கு மேலே, கைக்குப் போகிற நரம்புக் கொத்தைச் சுற்றி மரத்துப்போகிற மருந்தை ஊசியில் இறக்குகிறார்கள். கை மரக்கட்டை ஆகிவிடும். நல்ல ஏற்பாடு. சாயங்காலம் கண் முழித்தபோது எனக்கு வலியே இல்லை. வலது கண் இமை மட்டும் தொங்கியது, குரல் கம்மியிருந்தது, மூச்சு கொஞ்சம் பாரமாக இருந்தது. பொஞ்சாதி வாதம் அடிச்சிடுச்சுன்னு ஓவென்று அழுதுட்டா. அந்த ஊசிக்கு அப்படி ஆவது உண்டு, மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய விசயத்தையும் சொல்லவில்லை. அந்த மரப்பு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் விட்டுவிடும். விடுகிறபோது வலி படிப்படியாக வராது, மடை திறந்த மாதிரி வரும். ஆகவே மரப்பு இருக்கும்போதே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். இது தெரியாமல், "வலி இல்லீங்க, மாத்திரை எதுக்கு?" என்று ராத்திரி கொடுத்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஒண்ணரை மணிக்கு மடை திறந்தது.

டூட்டி டாக்டர் வந்தார். "பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் சொல்லு. எவ்ளோ வலி?" நான் "நாலு இருக்கும் சார்" என்றேன்.

இதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்துக்குப் பத்து வலித்தது. வாயில் வந்தது நாலு. ஆண்டை வீட்டு வாசலில் நின்று கூலி கேட்டுப் பழகின வம்சத்து வாய். ஒரு மரக்கால் வர வேண்டிய இடத்தில் அரை மரக்கால் கேட்ட வாய். பெரிய எடத்துல கொறச்சுக் கேளு, அப்பத்தான் கொஞ்சமாவது கெடைக்கும் என்று அப்பன் சொல்லிக்கொடுத்த வாய். அது வலியிலும் குறைத்துத்தான் கேட்டது. டாக்டர் நாலு என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். "எட்டு, ஒன்பது" என்று அதட்டிச் சொன்னார். அவருக்கு ஊசி வந்தது. அவர் "சார்", நான் "பெரியவரே, நீ". சாதியை யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

ரெண்டு மணிக்கு மேல் நான் கத்த ஆரம்பித்தேன். சிஸ்டர் ஓடி வந்தாங்க. அந்த வார்டு பூராவுக்கும் அவங்க ஒரே ஆள். கால் வீங்கிப் போயிருந்தது. "சத்தம் போடாதீங்க பெரியவரே. ஒழைச்ச ஒடம்பு, தாங்கும்" என்றாங்க.

அவங்க நம்ம சனம்தான். மறுநாள் பேச்சுவாக்கில் ஊர் விசாரித்தபோது தெரிந்தது. என்னைக் கேவலப்படுத்த அவங்க அதைச் சொல்லவில்லை. பாராட்டாகச் சொன்னாங்க. தன் அப்பாவைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு சொன்னாங்க. என் கோபம் அந்தச் சிஸ்டர் மேல் இல்லை. நம்மையே நமக்குப் பாராட்டாகச் சொல்ல வைத்திருக்கிற அந்தச் சொல் மேல்தான்.

*

"தாங்கும்" என்பது எங்கேயிருந்து வந்தது?

மனுவைப் புரட்டுங்கள். தண்டனை உடம்புக்கு உடம்பு வேறே. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்த பார்ப்பானுக்கு மொட்டை அடித்தால் போதும் என்கிறான். மேல்சாதிக்காரனைத் திட்டிய சூத்திரனுக்கு நாக்கை அறு என்கிறான். மயிரை எடுத்தாலே ஓர் உடம்பு துடித்துவிடும், நாக்கை அறுத்தாலும் இன்னோர் உடம்பு தாங்கும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உடலியல். நம்ம ஊருக்கு வாருங்கள். நந்தனை நெருப்பில் இறக்கினார்கள். தூய்மையாகி வெளியே வந்தான் என்று பெரியபுராணம் பாடுகிறது, காலட்சேபக்காரன் உருகுகிறான், கேட்கிறவன் கண்ணீர் விடுகிறான். தோல் பொசுங்கும்போது அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை நூற்றாண்டில் ஒரு பக்தன் கேட்டிருக்கிறானா? நந்தனுக்கு அங்கே ஒடம்பே கிடையாது, தீட்டு மட்டும்தான் உண்டு.

இதைச் சொன்னால் "எல்லாத்தையும் சாதியாப் பாக்குறீங்க" என்பார்கள். சரி, கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவில், அலபாமாவில், 1845 முதல் 1849 வரை ஜே. மேரியன் சிம்ஸ் என்கிற டாக்டர் அடிமைப் பெண்களை அறுத்து அறுத்துப் பழகினான். அனார்க்கா, லூசி, பெட்சி என்று மூணு பேர் நமக்குத் தெரியும். அனார்க்காவை மட்டும் முப்பது தடவை போல அறுத்தான். மயக்க மருந்து இல்லாமல். 1846-லேயே பாஸ்டனில் ஈதர் மயக்கத்தை ஊரறியக் காட்டிவிட்டார்கள். அப்புறமும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள், 2018-ல்தான் எடுத்தார்கள். பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். 2016-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்கிற மாதிரியான பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் போல நம்பினார்கள். அப்படி நம்பினவர்கள் கறுப்பருடைய வலிக்குக் குறைச்சலாக மதிப்புப் போட்டார்கள். தோல் தடிமன், ஒழைச்ச ஒடம்பு. ரெண்டும் ஒரே தறியில் நெய்த துணி.

இந்த மாதிரி ஆய்வை நம்ம வார்டுகளில் சாதி வாரியாகச் செய்ய யாருக்கு மனசு வரும்? படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்களே, மருத்துவக் கல்லூரியில் இருக்கிற நம்ம பிள்ளைகள், நீங்கள் ஏன் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கக் கூடாது?

பார்ப்பனியம் இப்படிச் சொன்னது என்றால் புரிகிறது. முற்போக்குக்காரர்களும் இதைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் மெருகு ஏற்றி. இரும்புக் கரம், உருக்குத் தோள், கருங்கல் மார்பு. சுவரொட்டியில் எங்க தோளை எவ்வளவு பெரிசாப் போட்டீங்க! அந்தத் தோளுக்குள்ளே நார் இற்றுக்கொண்டிருந்ததை வரையலையே. அப்புறம் நாம் வந்தோம். "ரணம் எங்க வரலாறு, வலி எங்க மொழி" என்று எழுதினோம். நானும் மேடையில் பேசியிருக்கிறேன். வலியைப் பேச வந்தவர்கள் ஒரு கட்டத்தில் வலியைப் பதக்கமாகக் குத்திக்கொண்டோம். தாங்கினவன் போராளி, முனகினவன் கோழை. ஆண்டை சொன்ன அதே சொல்லை நம்ம தம்பி மைக்கில் சொல்கிறான், நான் துண்டை வாங்கிக்கொள்கிறேன்.

*

எங்க அப்பா 1993-ல் வாய்ப்புற்றில் செத்தார். கடைசி ரெண்டு மாசம் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டில் போய்ப் படுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது காய்ச்சல் மாத்திரை. மார்பின் என்கிற மருந்து ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்திருந்தாலும் கிடைத்திருக்காது. கிராமோன் தலைகீழ் மூட்டைச் செய்த அதே 1985-ல்தான் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் வந்தது. ஆஸ்பத்திரி மார்பின் வைத்திருக்க உரிமத்துக்கு மேல் உரிமம், தவறினால் சிறை. பயந்து எல்லாரும் வாங்குவதையே விட்டார்கள். வருசத்துக்குப் பல நூறு கிலோ செலவான நாட்டில் 1997-ல் வெறும் 18 கிலோ. கவனியுங்கள், அபினி விளைவதே இங்கேதான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு பயிர் செய்து, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலையில் பதம் பண்ணி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அப்பா செத்த அதே 1993-ல் மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் வலி தணிப்புச் சங்கம் ஆரம்பித்து ஏழைகளுக்கு மார்பின் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு ராத்திரி ரயில் பயணம். யார் சொன்னா எங்களுக்கு?

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியம் என்று பிரித்து உரிமத்தைச் சுலபமாக்கினார்கள். 2018-ல் டிரமடாலைப் போதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-ல் கணக்கு கொடுத்தது. உலகத்தில் வருசத்துக்கு வினியோகமாகும் மார்பின் வகை மருந்து 298.5 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். நூறு கிலோ! மண்டியில் ஒரே ஆளாக நான் சுமந்த ஒரு அரிசி மூட்டை.

இன்னொரு வலி மருந்து மட்டும் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. மண்டியில் சாயங்காலம் தோள் கடுத்தால் எங்களுக்கு அதுதான் மருந்து. 2003-லிருந்து அரசே கடை போட்டு விற்கிறது. அதுக்கு உரிமப் பயம் யாருக்கும் இல்லை. குடிகாரன் சாதி என்று நம்மைச் சொல்கிறவன், எந்த வலிக்குக் குடிக்கிறான் என்று ஒரு நாள் மூட்டை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆனால் ஒன்று, இதைக் கறாராகச் சொல்கிறேன். ஆபரேஷன் ஆனவன் அந்தப் பக்கம் போகாதே. டிரமடாலோடு சாராயம் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நிற்கும். பாரசிட்டமாலோடு சேர்ந்தால் கல்லீரல் போகும்.

*

மூணாம் நாள் ஒரு இளம் பெண் வந்தாங்க. மயக்க மருந்து டாக்டர். என் கட்டிலில் உட்கார்ந்து "அய்யா, பத்துன்னா உங்களால நெனச்சுப் பாக்க முடியுற ரொம்ப மோசமான வலி. இப்ப எத்தன?" என்று கேட்டாங்க. "ஒம்பது" என்றேன். எழுதினாங்க. சந்தேகப்படவில்லை. முப்பது நிமிசத்தில் ஊசி. அப்புறம் அவங்க சொல்லிக்கொடுத்ததை நம்ம சனத்துக்காக அப்படியே வைக்கிறேன். அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வலி வந்தப்புறம் மாத்திரை என்பது தப்பு. மணிக்கு மாத்திரை. முதல் ரெண்டு வாரமாவது பாரசிட்டமாலை அவர்கள் சொன்ன மணிக்கணக்கில், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் போட வேண்டும். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைச்சல். வீக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிரமடால் மாதிரியானது முதல் சில நாளைக்கு, இது போதாதபோது மட்டும். குமட்டும், மலம் கட்டும். மலம் கட்டினால் முக்க வேண்டியிருக்கும், ஒற்றைக் கையோடு அது தனி நரகம். அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். "பழகிடுமே" என்று பயந்தேன். டாக்டர் சொன்ன அளவில் சில நாள் போட்டுக் குறைத்துக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டியதில்லை என்றாங்க. அப்படித்தான் நடந்தது.

அப்புறம் அய்ஸ். துணி சுற்றித் தோளில் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. எங்க வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மீன் கடைக்காரர் தினம் ரெண்டு கட்டி கொடுத்தார். தோள் பூரா மீன் வாடை. வலிக்கு அது தெரியுமா?

ராத்திரிதான் எமன். மல்லாந்து தரையில் படுத்தால் தோள் பின்னால் சரிந்து உயிர் போகும். டாக்டரம்மா "சாய்வு நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரித் தூங்குங்க, முழங்கைக்கு அடியில் தலையணை வைங்க" என்றாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. சாய்வு நாற்காலியை நான் பார்த்தது ஆண்டை வீட்டுத் திண்ணையில். அப்பா அதன் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். பழைய சாமான் கடையில் பேரம் பேசி மருமகன் ஒன்று வாங்கி வந்தான். "மாமா, ஒக்காருங்க." எங்க தெரு பூரா வந்து வேடிக்கை பார்த்தது. அஞ்சு வாரம் அதில்தான் தூங்கினேன். இன்னும் அதில்தான் பேப்பர் படிக்கிறேன். கொடுக்கிற உத்தேசம் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலி மேலாண்மை என்று அச்சடித்துக் கொடுக்கிற தாளில் கட்டில், சாய்வு நாற்காலி, பிரிட்ஜ், தனிக் குளியலறை எல்லாம் இருக்கிற வீடாக வைத்து எழுதியிருக்கிறார்கள். நம்ம வீட்டில் தரையிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டும். ஆபரேஷன் பண்ணின கையை ஊன்றக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது, புது மூட்டு நழுவிவிடும். அப்படியானால் தரையில் வாழ்கிறவன் என்ன செய்வது என்று அந்தத் தாள் சொல்லாது. அதை நாமே எழுத வேண்டியிருக்கிறது. சட்டை போடும்போது நோய்ப்பட்ட கையை முதலில் நுழை, கழட்டும்போது கடைசியில் எடு. எழும்போது நல்ல கைப் பக்கம் ஒரு முக்காலி வை. காலைக்கடனுக்குப் பக்கத்து வீட்டு நாற்காலிக் கக்கூசைக் கேட்க வேண்டியிருந்தால் கேள்.

வலியிலும் வகை இருக்கிறது. பயிற்சி செய்த பிறகு வருகிற கடுப்பு வேறே, அது அய்ஸ் வைத்து ஓய்வெடுத்தால் இறங்கும். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, விரல் மடக்குவது, முழங்கை நீட்டுவது, இதெல்லாம் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன நாளில் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு அரைமணி முன்னால் மாத்திரை. அப்போதுதான் கை அசையும். மாத்திரையை வீரத்துக்கு எதிராக நினைக்கிற தம்பிகளே, மாத்திரை போட்டதால்தான் இந்தக் கை இப்போது இதை எழுதுகிறது. ஆனால் இறங்கிக்கொண்டே வந்த வலி திடீரென்று ஏறினால், காய்ச்சல் அடித்தால், தையலில் சீழ் வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சு அடைத்தால் ஒரு நிமிசம் தாங்காதே. ஓடு ஆஸ்பத்திரிக்கு.

*

ரெண்டு மறுப்புகள் எனக்கு வந்துவிட்டன, கட்டுரை வருவதற்கு முன்பே.

ஒரு தோழர் சொல்கிறார், "வலி மருந்தெல்லாம் பன்னாட்டுக் கம்பெனிச் சதி. அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செத்தான் பாருங்க." பார்த்தேன். பர்டூ கம்பெனி 1996-ல் ஆக்சிகான்டின் மாத்திரையை இறக்கி, பழகிப்போகாது என்று பொய் சொல்லி விற்றது. 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அயோக்கியர்கள்தான். அங்கே தேவையில்லாதவனுக்கும் திணித்தான். இங்கே எங்கப்பனுக்கு ஒரு சொட்டுக் கூட இல்லை. அவன் வயிறு முட்டிச் செத்ததைக் காட்டி என்னைப் பட்டினி கிடக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொருவர், "அம்பேத்கர் எவ்வளவு நோயைத் தாங்கிக்கிட்டு எழுதினாரு!" என்கிறார். எழுதினார், உண்மை. சர்க்கரை நோய், காலில் நரம்பு வலி. ஆனால் அவர் அதைப் புனிதமாக்கினாரா? இன்சுலின் போட்டுக்கொண்டார். பம்பாய்க்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார். 1948-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டதே ஒரு டாக்டரை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் நம்மை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த புத்தர் யார்? உடம்பை வருத்தித் தவம் இருந்து பார்த்து, இது வீண் என்று எழுந்து, சுஜாதை கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டவர். துக்கம் இருக்கிறது என்று சொன்னதோடு நிற்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு, அதை ஒழிக்க முடியும் என்றார். நம்ம அயோத்திதாசப் பண்டிதர் பவுத்தம் பேசினவர், தொழிலால் சித்த வைத்தியர். வலியோடு வருகிறவனிடம் "தாங்கு" என்று சொல்லி அனுப்பவா அவர் மருந்துப் பெட்டி வைத்திருந்தார்?

நம்ம அமைப்பு மனு கொடுக்கிற அமைப்பு. சாலைக்கு, சுடுகாட்டுக்கு, பட்டாவுக்குக் கொடுத்திருக்கிறோம். இதற்கும் கொடுப்போம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே நோயாளியிடம் அவன் பேச்சில் வலியைப் பற்றி விளக்க வேண்டும். மரப்பு ஊசி எப்போது விடும் என்று மணியைக் கட்டில் தலைமாட்டில் எழுதி வைக்க வேண்டும். வலி எண்ணை ஒவ்வொரு ஷிப்டிலும் கேட்டுப் பதிய வேண்டும், பதிந்ததற்கு மருந்து தர வேண்டும். ராத்திரி வார்டுக்கு ஒரு சிஸ்டர் என்பதை மாற்ற வேண்டும், அவங்களும் "தாங்கும்" ஒடம்பு இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் மார்பின் இருப்பு எவ்வளவு, போன வருசம் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்தச் சட்டம் படிக்கிற தம்பிக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் எழுதிக்கொண்டு போனான்.

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்க வழி இருக்கிறது. எங்க தெருவுக்கு வருகிற பெண்ணிடம் அந்த அம்மா பேரைக் கொடுத்தேன். ரெண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, முதலில் அறுத்த டாக்டரிடமே காட்ட வேண்டும், கை இறுகினது பயிற்சியில் எவ்வளவு மீளும் என்று அவர்தான் சொல்ல முடியும் என்றாங்க.

வர்ற செவ்வாய்க்கிழமை புறநோயாளிச் சீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே கூட்டிக்கொண்டு போகிறேன். பரண் மேலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தோம், தேதி இன்னும் முடியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நம்பர் கேட்டால் என்ன சொல்வீங்க என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஏழுன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களா அண்ணே?" என்றாங்க.